கதவுக்குப் பாடம் சொல்லித் தருவோமா?

எதைப் பார்த்தாலும் "ஏன்? எப்படி?" என்று கேட்கும் என் செல்லக் கண்ணு, வா, பக்கத்தில் உட்கார். இன்றைக்கு ஒரு கதவைப் பற்றிப் பேசப் போகிறோம்.

அமெரிக்காவில் தனி வீடு என்றால் பெரும்பாலும் காருக்கும் ஓர் அறை இருக்கும். வீட்டோடு ஒட்டியே கட்டியிருப்பார்கள். அதை கராஜ் என்பார்கள். அந்த அறையின் கதவு நம் வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்காது. நான்கைந்து நீளப் பலகைகளைக் கீல் வைத்துக் கோத்திருப்பார்கள். இருபுறமும் இரும்புத் தடம் இருக்கும். அதில் சின்னச் சக்கரங்கள் உருண்டுகொண்டே போக, கதவு மேலே ஏறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். இப்படி மேலே ஏறும் கதவை 1921-இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் செய்தார். 1926-இல் அதைத் தூக்க மின்மோட்டாரும் வைத்தார்.

இன்று காரில் வருகிறவர் தெருவிலிருந்தே ஒரு ரிமோட்டை அழுத்துகிறார். கதவு ஏறுகிறது. கார் உள்ளே போகிறது. மறுபடி ஓர் அழுத்து. கதவு இறங்கிவிடுகிறது. வெளியே மழை கொட்டினாலும் பனி விழுந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

ஆனால் கடையில் புதிதாக ஒரு ரிமோட் வாங்கி வந்து அழுத்தினால் கதவு அசையாது. "முதலில் புரோகிராம் செய்ய வேண்டும்" என்பார்கள். உடனே நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "அவ்வளவு சின்ன ரிமோட்டுக்குள் எதை எழுதுகிறார்கள் மாமா?"

அருமையான கேள்வி! இதற்கு விடை உன்னைக் கொஞ்சம் ஆச்சரியப்படுத்தும். இப்போதைய ரிமோட்டுகள் பலவற்றில் நாம் எதையுமே எழுதுவதில்லை. பாடம் படிப்பது கதவுதான்.

சரியாகச் சொன்னால், கதவைத் தூக்கும் மோட்டார் பெட்டி. கராஜின் கூரையில் நடுவாக அது தொங்கும். அதற்குள்ளே வானொலி அலைகளைக் கேட்கும் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. எளிய ரிமோட்டுக்குப் பேச மட்டும்தான் தெரியும். பெட்டிக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். "யாரப்பா அங்கே?" என்று பெட்டி திருப்பிக் கேட்க முடியாது. அப்படியிருக்க, வெளியே நின்று பேசுவது நம் வீட்டு ஆளா, வேற்று ஆளா என்று பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். பிடித்துக்கொண்டாயா?

முதலில் ரிமோட் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம்.

டிவி ரிமோட்டை டிவிக்கு நேராக நீட்டித்தானே அழுத்துவாய்? அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. நடுவில் யாராவது வந்து நின்றால் ஒளி தடைபட்டுப் போகும். கராஜ் ரிமோட் அனுப்புவது வானொலி அலை. மரக் கதவு, கார்க் கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். அமெரிக்காவில் இதற்கு 315 மெகாஹெர்ட்ஸ், 390 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள். 315 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 31 கோடியே 50 லட்சம் அதிர்வுகள். அந்த அலை ஒன்றின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இத்தனையையும் செய்ய நாணயம் அளவுள்ள ஒரு 3 வோல்ட் பாட்டரி போதும். (அந்த வட்டப் பாட்டரியை வாயில் போடவே கூடாது, கண்ணு. விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். தம்பி பாப்பா கைக்கு எட்டாமல் வை.)

அந்த அலையை ரிமோட் விட்டு விட்டு அனுப்புகிறது. கொஞ்சம் நீளமாக ஒரு துடிப்பு, குட்டையாக ஒரு துடிப்பு என்று மாறி மாறி வரும். நீளத்தை 1 என்றும் குட்டையை 0 என்றும் வைத்துக்கொண்டால் ஒரு வரிசை எண் கிடைத்துவிடுகிறது. 0110100 என்பது மாதிரி. பெட்டி அந்த எண்ணைக் கேட்டு, "ஆமாம், இது நம் வீட்டு எண்" என்று தெரிந்தால் மோட்டாரைச் சுழற்றும்.

இதுவரை புரிந்ததா? நல்லது.

ரொம்பப் பழைய காலத்து ரிமோட்டுகளில் இந்த எண்கூட இல்லை. ஓர் அலை வந்தால் போதும், கதவு திறந்துவிடும். அடுத்த வீட்டுக்காரரும் அதே கருவியை வாங்கியிருந்தால் என்ன ஆகும்? அவர் தன் கதவைத் திறக்க அழுத்தினால் இவர் வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும்! பெரிய தொல்லையாகப் போய்விட்டது.

அதனால் அடுத்து வந்த ரிமோட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் வைத்தார்கள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியவை. பேனா முனையால் மேலே தள்ளலாம், கீழே தள்ளலாம். கூரையில் உள்ள பெட்டியிலும் அதே மாதிரி ஒரு வரிசை இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் ரிமோட் தயார். அந்த நாளில் புரோகிராம் செய்வது என்றால் இவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சுவிட்ச் இருந்தால் இரண்டு விதமாக வைக்கலாம். இரண்டு சுவிட்ச் என்றால் நான்கு விதம். மூன்று என்றால் எட்டு. ஒவ்வொரு சுவிட்ச் கூடும்போதும் இரட்டிப்பாகிறது, பார்த்தாயா? எட்டு சுவிட்சுக்கு 256 விதம். பத்துக்கு 1,024. பன்னிரண்டுக்கு 4,096.

4,096 என்பது நிறையத்தான் என்று உனக்குத் தோன்றும். கையால் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் நிறையத்தான். ஆனால் கையை விட்டுவிட்டுக் கணினியிடம் கொடுத்தால்?

2015-இல் சாமி காம்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் செய்து காட்டினார். மேட்டல் நிறுவனம் முன்பு விற்றுக்கொண்டிருந்த ஐஎம்-மீ என்ற பொம்மையை எடுத்துக்கொண்டார். குழந்தைகள் ஒருவருக்கொருவர் குட்டிச் செய்தி தட்டி அனுப்பும் பொம்மை அது. அதை மாற்றியமைத்து, இப்படிச் சுவிட்ச் எண்ணை நம்பியிருக்கும் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்துவிடலாம் என்று நிரூபித்தார். திருடுவதற்காக இல்லை. "உங்கள் கதவு பழையது, மாற்றுங்கள்" என்று எல்லோரையும் எச்சரிக்கத்தான். தன் நிரலை வெளியிட்டபோதும், யாரும் அப்படியே எடுத்துத் தவறாகப் பயன்படுத்த முடியாதபடி அதை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துத்தான் வெளியிட்டார். அவருடைய அந்தப் பொறுப்புணர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லா எண்ணையும் வழக்கமான முறையில் அனுப்பினால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகும். அவர் எப்படிப் பத்து விநாடிக்குள் முடித்தார்? இங்கேதான் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. பென்சிலும் தாளும் எடுத்துக்கொள். அவசரமே இல்லை.

இரண்டே இலக்கம் உள்ள எண்களை எடுத்துக்கொள்வோம். 00, 01, 10, 11 என்று நான்கு. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் எட்டு இலக்கம் ஆகும். இப்போது 00110 என்று எழுது. ஐந்து இலக்கம்தான். முதல் இரண்டு இலக்கத்தைப் பார். 00. ஓர் இடம் தள்ளிப் பார். 01. இன்னும் ஓர் இடம் தள்ளு. 11. இன்னும் ஒன்று. 10. நான்கும் வந்துவிட்டன! எட்டுக்குப் பதில் ஐந்திலேயே வேலை முடிந்தது.

பழைய பெட்டிகள் பல இப்படித்தான் கேட்டன. புது இலக்கம் ஒன்று வந்தால், பழைய இலக்கம் ஒன்றைப் பின்பக்கம் உதறிவிடும். எண் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவை பார்ப்பதில்லை. கடைசியாகக் கேட்ட பன்னிரண்டு இலக்கமும் சரியாக இருந்தால் கதவைத் திறந்துவிடும். அதனால் 4,096 எண்களையும் தனித்தனியாக அனுப்பினால் 49,152 இலக்கம் ஆகும் இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றைப் புகுத்தி எழுதினால் 4,107 இலக்கமே போதும்.

இப்படிப்பட்ட வரிசைக்கு டி பிரோய்ன் வரிசை என்று பெயர். நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஒருவரின் பெயர் அது. 1946-இல் அவர் இதைப் பற்றி எழுதினார். ஆனால் நம் நாட்டில் வடமொழிக் கவிதை இலக்கணம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு சொல்லிலும் இதே வரிசை ஒளிந்திருக்கிறது. "யமாதாராஜபானஸலகாம்" என்பது அந்தச் சொல். சொல்லிப் பார், வாய்க்கு வேடிக்கையாக இருக்கும்.

உனக்குத்தான் குறில், நெடில் தெரியுமே! குறிலுக்கு 0 போடு. நெடிலுக்கு 1 போடு. கடைசியில் உள்ள "காம்" என்பதை ஒரே நெடிலாக எடுத்துக்கொள். என்ன வந்தது? 0111010001. பத்து இலக்கம். இப்போது மும்மூன்றாகத் தள்ளித் தள்ளிப் படி. 011, 111, 110, 101, 010, 100, 000, 001. மூன்று இலக்கத்தில் எழுதக்கூடிய எட்டு எண்களும் ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடத் திரும்பாமல் வந்துவிட்டன! கவிதையில் மூன்று மூன்று அசையாக வரும் எட்டு வகைகளை நினைவில் வைக்க உண்டான சூத்திரம் இது. எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நீயே நான்கு இலக்கத்துக்கு ஒரு வரிசை எழுதிப் பார்க்கிறாயா? மொத்தம் பதினாறு எண்கள். பத்தொன்பது இலக்கத்தில் அடக்க வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து செய். நான் காத்திருக்கிறேன்.

சரி, கதவுக்குத் திரும்புவோம். சுவிட்ச் எண்ணில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அந்த எண் மாறவே மாறாது. நீ அழுத்தும்போது ஒருவன் தெரு முனையில் ஒரு கருவியோடு ஒளிந்து நின்று பதிவு செய்துகொண்டால் போதும். நாளைக்கு அதையே ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடுவான். நூறு சுவிட்ச் வைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கொஞ்ச நேரம் நீயே யோசி. மேலே படிக்காதே.

யோசித்தாயா? "எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்றிவிட வேண்டியதுதான்!" என்றாயா? சபாஷ்! அதைத்தான் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1980-களில் கீலாக் என்ற ஒரு முறை பிறந்தது. 1995-இல் அதை அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. அதே 1990-களில் கராஜ் கதவு செய்யும் நிறுவனங்களும் மாறும் எண்ணுக்கு வந்துவிட்டன. நம் ஊர்க் கார்ச் சாவிகளில் உள்ள பொத்தானும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

ஆனால் எண் மாறிக்கொண்டே இருந்தால், அடுத்து என்ன எண் வரும் என்று கதவுக்கு எப்படித் தெரியும்? ரிமோட்டிடம் அது கேட்கவும் முடியாதே?

உன் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதல்லவா? தினமும் ஒரு தாள் கிழிப்போம். தாளில் ராசிபலன் இருக்கும். மேஷத்துக்கு ஒரு சொல், ரிஷபத்துக்கு ஒரு சொல். இப்போது ஒரு விசேஷக் காலண்டரை நினைத்துக்கொள். ராசிபலனுக்குப் பதில் ஒவ்வொரு தாளிலும் பத்து இலக்க எண் ஒன்று. ஒரு தாளின் எண்ணுக்கும் அடுத்த தாளின் எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் தெரியாது. இதே காலண்டரில் உலகத்தில் இரண்டே பிரதிதான். ஒன்று உன் கையில். இன்னொன்று வீட்டுக்குள் இருக்கும் தாத்தாவிடம்.

நீ வாசலில் நின்று மேல் தாளின் எண்ணைச் சத்தமாகச் சொல்கிறாய். சொன்னதும் அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறாய். தாத்தா தன் காலண்டரைப் பார்க்கிறார். அதே எண்! கதவைத் திறக்கிறார். அவரும் அந்தத் தாளைக் கிழித்துப் போடுகிறார். சுவருக்குப் பின்னால் ஒளிந்து கேட்ட திருடன் ராத்திரி வந்து அதே எண்ணைச் சொல்கிறான். தாத்தா என்ன சொல்வார்? "அது கிழித்துப் போட்ட தாள். போடா வெளியே!"

நீதான் ரிமோட். தாத்தாதான் பெட்டி. புரிகிறதா?

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். நீ கதவுக்கு வெகு தூரத்தில் இருக்கும்போது பையில் ஏதோ இடித்துப் பொத்தான் நான்கு முறை அழுந்திவிட்டது. உன் காலண்டரில் நான்கு தாள் போய்விட்டது. தாத்தாவுக்கு அது கேட்கவே இல்லை. அவர் பழைய தாளிலேயே இருக்கிறார். இனிமேல் இருவருக்கும் எண் பொருந்தவே பொருந்தாதா?

பொருந்தும். கீலாக் முறையில் தாத்தா மேல் தாளோடு நிற்க மாட்டார். அடுத்த பதினாறு தாள்கள் வரை புரட்டிப் பார்ப்பார். நீ சொன்ன எண் ஐந்தாவது தாளில் இருந்தால், "ஓ, குழந்தை நான்கு தாளைக் கிழித்துவிட்டது போலிருக்கிறது" என்று தானும் அதுவரை கிழித்துக்கொள்வார். நீ விளையாட்டாக நூறு முறை அழுத்திவிட்டாயா? அப்போது தாத்தாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். "ரொம்பத் தள்ளிப் போய்விட்டதே! எங்கே, அடுத்த தாளையும் சொல்" என்று மனதுக்குள் நினைத்துப் பேசாமல் காத்திருப்பார். நீ இன்னொரு முறை அழுத்தி, அடுத்தடுத்த இரண்டு எண்களும் சரியாக வந்தால் திறந்துவிடுவார். சில நேரம் முதல் அழுத்துக்குக் கதவு அசையாமல் இரண்டாவதுக்கு அசைவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். பாட்டரி தீர்ந்து வருவதும் காரணமாக இருக்கலாம், மறந்துவிடாதே.

உண்மையான ரிமோட்டுக்குள் தாள் எதுவும் இல்லை. எத்தனையாவது அழுத்து என்று எண்ணும் ஓர் எண்ணி இருக்கிறது. 64 இலக்க ரகசியச் சாவி ஒன்றும் இருக்கிறது. எல்லாம் 0, 1 இலக்கங்கள்தான். எண்ணியையும் சாவியையும் சேர்த்துக் கலக்கி 32 இலக்கத்தில் புது எண் ஒன்றைச் செய்கிறது. 32 இலக்கத்தில் 429 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் எழுதலாம். அதோடு ரிமோட்டின் சொந்த அடையாள எண்ணும் சேர்ந்து போகிறது. "நான் இன்னார், என் எண் இது" என்று சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அந்த எண்ணி 65,536 வரை போய்த்தான் மறுபடி தொடங்கும். தினமும் பத்து முறை அழுத்தினாலும் கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டு ஓடும்!

உன்னைப் போன்ற கெட்டிக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "மாமா, நான் வீட்டை விட்டு ரொம்ப தூரத்தில் அழுத்தும்போது திருடன் பதிவு செய்துகொண்டால்? அந்தத் தாளைத் தாத்தா இன்னும் கிழிக்கவில்லையே?" மெச்சுகிறேன், கண்ணு! உண்மைதான். அந்த எண் இன்னும் செல்லும். நீ வீட்டுக்கு வந்து அடுத்த முறை அழுத்திக் கதவைத் திறந்த உடனே, அதற்கு முந்தைய தாள்கள் எல்லாம் தாத்தாவிடமும் கிழிந்துபோகும். அதற்குப் பிறகு திருடன் கையில் இருப்பது வெறும் குப்பை. அதனால் ரிமோட்டைக் கண்ட இடத்தில் வைத்து அழுத்தி விளையாடாமல் இருப்பது நல்லது.

இப்போது புரோகிராம் செய்யும் கதைக்கு வருவோம். தாத்தாவுக்கு அந்தக் காலண்டரின் இரண்டாவது பிரதி எப்படிக் கிடைத்தது? நாம் முதலில் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கூரையில் தொங்கும் மோட்டார் பெட்டியின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். "லேர்ன்" என்று எழுதியிருக்கும். சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் என்ற பெயர்களில் விற்கும் பெட்டிகளில் இந்தப் பொத்தானின் நிறத்தைப் பார்த்தே அது எந்தத் தலைமுறைப் பெட்டி என்று சொல்லிவிடலாம். ஊதா என்றால் 315 மெகாஹெர்ட்ஸில் கேட்பது. சிவப்போ ஆரஞ்சோ என்றால் 390. மஞ்சள் என்றால் இவற்றுக்குப் பின் வந்தது, மூன்று அலைவரிசைகளில் கேட்கும். ரிமோட் வாங்குமுன் பொத்தானின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போவார்கள்.

பெரியவர் ஒருவர் ஏணியில் ஏறி அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுவார். ஏணி வேலை உனக்கு வேண்டாம். நீ கீழே நின்று பார். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். முப்பது விநாடிதான் நேரம். அதற்குள் புது ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டியின் பெரிய விளக்கு கண் சிமிட்டும், அல்லது "டிக் டிக்" என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான். வேலை முடிந்தது.

அந்த ஒரு கணத்தில் என்ன நடந்தது? ரிமோட் வழக்கம்போலத் தன் அடையாள எண்ணையும் புது எண்ணையும் சொன்னது. ரிமோட்டைப் பொறுத்தவரை அது இன்னுமோர் அழுத்து, அவ்வளவே. பெட்டிதான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. ரிமோட்டின் அடையாள எண்ணைக் கொண்டு, நிறுவனம் முன்பே பெட்டிக்குள் வைத்திருக்கும் ரகசியக் குறிப்பின்படி அந்த ரிமோட்டின் சாவியைக் கணக்கிட்டது. எத்தனையாவது தாளில் ரிமோட் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டது. தாத்தா தன் கையாலேயே இரண்டாவது காலண்டரை அச்சடித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளேன்! கீலாக்கில் இப்படி ஒரு வழி உண்டு. மற்ற நிறுவனங்கள் வேறு வேறு வழி வைத்திருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் படிப்பது பெட்டிதான்.

ஒன்றைக் கவனித்தாயா? அந்தப் பொத்தான் ஏன் கூரையில், அதுவும் கராஜுக்கு உள்ளே இருக்கிறது? வெளியே வைத்திருந்தால் வசதியாக இருக்குமே? கொஞ்சம் யோசி.

வெளியே இருந்தால் தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் தன் ரிமோட்டைக் கதவுக்கு அறிமுகம் செய்துவிடலாம். உள்ளே இருப்பதால், ஏற்கெனவே வீட்டுக்குள் வர உரிமை உள்ளவர்தான் அதைத் தொட முடியும். முப்பது விநாடி என்று நேரம் குறித்ததும் இதற்காகத்தான். அதிக நேரம் காது திறந்திருந்தால் பக்கத்து வீட்டு ரிமோட்டையும் தெரியாமல் படித்துவிடும். மாறும் எண்ணை விட இந்தச் சின்ன யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எத்தனை சிக்கலான கணக்கு போட்டாலும், முதல் நம்பிக்கையை ஒரு மனிதர் ஏணியில் ஏறித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் கதவு கேட்காமல் போன ஓர் ஊர்க் கதையும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நிறைய வீடுகளின் கதவுகள் திடீரென்று ரிமோட்டுக்கு அசையவில்லை. காரணம், அங்கே விமானப்படை ஒரு புதிய வானொலி அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. அதுவும் 390 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்! அந்த அலைகள் சக்தி வாய்ந்தவை. ரிமோட்டின் மெல்லிய குரல் அதில் அமுங்கிப் போயிற்று. கதவுகள் தாமாகத் திறக்கவில்லை, அது கவனிக்க வேண்டிய விஷயம். சரியான எண் கேட்காததால் மூடியே இருந்தன. அமெரிக்கச் சட்டப்படி இந்த மாதிரி உரிமம் இல்லாத குறைந்த சக்திக் கருவிகள்தான் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். அதனால் வீட்டுக்காரர்கள் முறையிட முடிந்ததே தவிர, நிறுத்தச் சொல்ல முடியவில்லை. மூன்று அலைவரிசையில் கேட்கும் பெட்டிக்கு இங்கேதான் பெருமை. ஒன்று அமுங்கினால் இன்னொன்றில் கேட்டுவிடும்.

இத்தனை பெரிய எதிரி தேவையில்லை, சில எல்.இ.டி. பல்புகளே போதும். பெட்டியில் மாட்டிய பல்பின் உள்ளே இருக்கும் மின்சுற்று வானொலி இரைச்சலைக் கிளப்பும். விளக்கு எரியும்போது மட்டும் ரிமோட் சரியாக வேலை செய்யவில்லை என்றால் பல்பை மாற்றிப் பார்க்கலாம்.

கதவைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைச் சிரிக்காமல் கேள். அந்தக் கதவு கனமானது. ஒரு காலத்தில் இறங்கும் கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால் 1993 முதல் அமெரிக்காவில் செய்யப்படும் வீட்டுக் கதவுப் பெட்டிகளுக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். பெரும்பாலும் கதவின் இருபக்கமும், தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல், இரண்டு மின்கண்கள் வைக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அகச்சிவப்பு ஒளி போய்க்கொண்டே இருக்கும். ஒரு பூனைக்குட்டி குறுக்கே வந்து ஒளி மறைந்தாலும், இறங்கும் கதவு நின்று திரும்ப மேலே போய்விடும். அது இருக்கிறது என்பதற்காக இறங்கும் கதவுக்கு அடியில் ஓடிப் பந்தயம் வைக்கக் கூடாது. கதவின் மேலே முறுக்கி வைத்திருக்கும் சுருள்வில்லையும் தொடக் கூடாது. கதவின் எடையைத் தாங்குவதே அந்த வில்தான். அது தெறித்தால் கை போய்விடும்.

கடைசியாக ஒன்று. ரிமோட் தொலைந்துவிட்டால், அல்லது பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோனால் என்ன செய்வது? முன்பு குடியிருந்தவர்களின் ரிமோட் எங்கேயோ யாரிடமோ இருக்கும். கதவு அதையும் நம்பிக்கொண்டிருக்கும். அதற்கும் அதே பொத்தான்தான். ஒருமுறை தட்டினால் படிக்கும். ஆறு விநாடி போல அழுத்திப் பிடித்தால், எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணையும். அதோடு பெட்டி படித்த ரிமோட்டுகள் எல்லாம் மறந்துபோகும். பல பெட்டிகளில் ஒரு ரிமோட்டை மட்டும் தேர்ந்து மறக்க வைக்க முடியாது. அதனால் அம்மாவின் ரிமோட், அப்பாவின் ரிமோட், காருக்குள்ளேயே பொருத்தி வந்திருக்கும் பொத்தான், வெளிச்சுவரில் உள்ள எண்பலகை என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மறுபடி அறிமுகம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, முப்பது விநாடி. எண்ணிச் சொல்ல நீ கீழே நின்றால் ஏணியில் இருப்பவருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!